ஸ்டைன்பெக்: கை அறிந்த எழுத்து

1962இல் ஜான் ஸ்டைன்பெக்குக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அமெரிக்கப் பத்திரிகைகளிலேயே முணுமுணுப்பு எழுந்தது. தகுதி உண்டா என்று நிருபர்கள் கேட்டதற்கு அவரே இல்லை என்றார். அவர் பதிலை நான் ஏற்கவில்லை. 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1939) ஒன்றே போதும். ஆனால் எதிர்த்தவர்கள் சொன்ன குறை, கதையை நிறுத்திவிட்டுப் போதிக்கிறார் என்பது, உண்மைதான்.

போதனை இல்லாத ஓர் இடமும் அந்த நாவலில் உண்டு. பிழைப்புத் தேடி ஓக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியா போகும் ஜோடு குடும்பத்துடன் சேர்ந்து வந்த கார், நடுவழியில் இன்ஜினின் கன்ராடு பேரிங் போய் நின்றுவிடுகிறது. ஜோடு வீட்டு மகன் டாமும் அவன் தம்பி ஆலும் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடைக்குப் போய் மாற்று ராடு வாங்கி வருகிறார்கள். இருட்டில் காருக்கடியில் படுத்து, பிஸ்டன் ரிங்குகளை மெல்லிய பித்தளைக் கம்பியால் இறுக்கிக் கட்டி சிலிண்டருக்குள் ஏற்றுகிறார்கள். வண்டி நின்றால் குடும்பமே சாலையோரம்தான். அந்தப் பயம் முழுக்க ஸ்பேனர் பிடித்த கைகளில் இருக்கிறது.

இது அறையில் உட்கார்ந்து கற்பனை செய்தது அல்ல. சாலினாஸில் பிறந்த ஸ்டைன்பெக், இளமையில் பண்ணை வேலை செய்தவர். 1936இல் நாளிதழ் ஒன்றுக்காகக் கூலிகளின் முகாம்களைச் சுற்றினார். அரசு முகாம் நடத்திய டாம் காலின்ஸ் அவருக்கு வழிகாட்டினார். நாவலைக் காணிக்கையாகப் பெற்ற இருவரில் அவர் ஒருவர்.

'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' (1952) தன் ஆகப்பெரிய படைப்பு என்று அவர் நம்பினார். காயீன்–ஆபேல் கதையை இரண்டு தலைமுறைக்கு நீட்டுகிறது அது. அங்கே போதனை முந்திக்கொள்கிறது: கேத்தி என்ற பாத்திரம் வருவதற்கு முன்பே, மனிதரில் பிறவி அரக்கர்கள் உண்டு என்று கதைசொல்லி அறிவித்துவிடுகிறார். பிறகு அவள் என்ன செய்தாலும் ஏற்கெனவே போட்ட தீர்ப்புக்குச் சாட்சியாகவே நிற்கிறது. ஆனால் வறண்ட நிலத்தில் பிள்ளைகளை வளர்த்து, ஊருக்குக் கிணறு துளைத்துக்கொடுக்கும் சாமுவேல் ஹாமில்டன் வரும் பக்கங்களில் நாவல் மூச்சு விடுகிறது. அவர் ஸ்டைன்பெக்கின் தாய்வழித் தாத்தா.

'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலின் முடிவைப் பதிப்பாசிரியர் மாற்றச் சொன்னார், ஸ்டைன்பெக் மறுத்தார். டாமின் தங்கை ரோஸ் ஆஃப் ஷாரனுக்குக் குழந்தை இறந்து பிறக்கிறது; அவள், பட்டினியில் சாகக்கிடக்கும் அந்நியருக்குப் பாலூட்டுகிறாள். மறுத்தது சரி. மார்பில் பால் கட்டியிருக்கிறது, எதிரே ஒருவர் செத்துக்கொண்டிருக்கிறார்; வேறு நியாயம் அதற்கு வேண்டாம். அவள் உதட்டில் மர்மப் புன்னகை ஒன்றை வைத்தாரே, அதை மட்டும் நான் அடித்திருப்பேன்.