இரட்டைப்படை கியர்கள் காணாமல் போனால்

நாங்கள் போய் இறங்கும்போதே வண்டி ஸ்டார்ட்டில் நின்றது. "உங்களுக்காக ஏசி போட்டு வெச்சிருக்கேன் சார்" என்றார் விற்பவர். உபசாரம்தான். ஆனால் பழைய டூயல் கிளட்ச் கார் வாங்கப் போகிறவனுக்கு அது நல்ல சகுனம் இல்லை. பானெட்டில் கை வைத்தேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. "நாளைக்குக் காலையில வர்றோம், அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நண்பரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். இந்தக் கியர்பாக்ஸ் குளிர்ந்திருக்கும்போது ஒன்று பேசும், சூடேறினால் வேறொன்று பேசும். இரண்டையும் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

டூயல் கிளட்ச் பெட்டியான டிசிடியை 'ஆட்டோமேட்டிக்' என்று அழைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. உள்ளே இருப்பது ஒரே கூட்டுக்குள் குடித்தனம் நடத்தும் இரண்டு மேனுவல் கியர்பாக்ஸ்கள். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை கியர்களைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்றின் பொறுப்பு 2, 4, 6. ரிவர்ஸும் பெரும்பாலும் இதனோடு சேர்ந்ததுதான். நீங்கள் மூன்றில் போகும்போதே நான்கு தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்க, கண் சிமிட்டும் நேரத்தில் கியர் மாறிவிடும். கிளட்ச் மிதிக்கும், கியர் மாற்றும் வேலைகளை மட்டும் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. தேய்மானத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கிளட்ச்சில் இரண்டு வகை உண்டு. 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-ல் வந்தது எண்ணெயில் ஊறிய வெட் கிளட்ச். 2008-ல் அதே நிறுவனம் டிக்யூ200 என்ற ஏழு கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. அதில் இருப்பது எண்ணெய் படாத உலர் கிளட்ச். எடை குறைவு, மைலேஜ் அதிகம், 250 நியூட்டன் மீட்டர் டார்க் வரை தாங்கும். ஆனால் சூட்டை அள்ளிக்கொண்டு போக எண்ணெய் இல்லை. நம் ஊரில் போலோ ஜிடி டிஎஸ்ஐ இதோடுதான் வந்தது. ஹூண்டாய் வென்யூவின் டிசிடியும் உலர் வகை. டாடா அல்ட்ராஸ் 2022-ல் எண்ணெய்க் கிளட்ச்சோடு வந்தபோது, சென்னை டிராஃபிக்கை யாரோ யோசித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை ஏழு மணி. பானெட் ஜில்லென்றிருந்தது. டிரைவர் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து 'ர்ர்ர்' என்று ஒரு சின்ன மோட்டார் ஓடி நின்றது. சில பெட்டிகளில் இது இயல்பு. கியர்களைத் தள்ளுவதற்கான எண்ணெய் அழுத்தத்தை பம்ப் முன்கூட்டியே ஏற்றிக்கொள்கிறது. கவனிக்க வேண்டியது அடுத்த பத்து நிமிடத்தை. ஒருமுறை அழுத்தம் ஏற்றிய பம்ப், இன்ஜின் ஓடும்போது நிமிடத்துக்குப் பல தடவை திரும்பத் திரும்ப ஓடினால் எங்கோ அழுத்தம் கசிகிறது. மெகாட்ரானிக் என்கிற, வால்வும் மின்னணுவும் சேர்ந்த அந்த மூளைப் பெட்டி சாகப்போவதற்கு இது முதல் அறிகுறி. இதைக் கவனிக்காமல் விட்டால் வேறு முன்னறிவிப்பு கிடையாது. மீட்டரில் கியர் எழுத்து கண் சிமிட்டும், வண்டி நடுரோட்டில் நியூட்ரலில் நிற்கும். டிக்யூ200-ல் இந்த மூளைக்கு மின்சாரம் தடைப்படும் கோளாறு வந்ததால்தான், 2013 நவம்பரில் உலகம் முழுக்க 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, சிந்தெடிக் ஆயிலுக்குப் பதில் மினரல் ஆயில் ஊற்றினார்கள். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில்தான் இந்தத் தொல்லை அதிகம் என்றார்கள். சென்னைக்கு எழுதிய ஜாதகம் மாதிரி இருந்தது.

சில நேரம் பெட்டி முழுதாகச் சாகாது, பாதி சாகும். அப்போது வண்டி ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குத் தாவும், ரிவர்ஸ் விழவே விழாது. இரட்டைப்படை வீட்டில் இழவு என்று புரிந்துகொள்ளலாம். எந்த கியர்கள் காணாமல் போகின்றன என்று குறித்துக்கொண்டு போனால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

நாங்கள் பார்க்கப் போன வண்டியில் கியர்கள் எல்லாம் விழுந்தன. மேனுவல் மோடில் நான்காவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முக்கால்வாசி அழுத்தினேன். ஆர்பிஎம் முள்ளும் வேகமும் கைகோத்து ஏறின. முள் மட்டும் துள்ளி ஏறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. பிறகு ஐந்தில் போட்டு அதையே செய்தேன், மறு கிளட்ச்சையும் பார்க்க வேண்டுமே. இரண்டும் தேறின. நண்பர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ்.

"இரு, இன்னும் சூடேறல" என்றேன். வேளச்சேரி நெரிசலில் நாற்பது நிமிடம் உருட்டினோம். இங்கே ஒரு விஷயம்: சிக்னலில் பிரேக்கை நன்றாக அழுத்தி நின்றால் பெட்டி தானே கிளட்ச்சை விட்டுவிடும், ஒவ்வொரு முறையும் நியூட்ரலுக்குத் தள்ள வேண்டியதில்லை. கிளட்ச் தட்டைத் தீய்ப்பது அரைகுறையாய் பிரேக் பிடித்துக்கொண்டு முன்னவர் பம்பரை முத்தமிடப் போகும் பழக்கம். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்தி வைப்பது அதைவிட மோசம்.

மால் பார்க்கிங்கின் சாய்தளத்தில் ரிவர்ஸில் ஏற்றினேன். அங்கே மாட்டிக்கொண்டது. ஒரு வினாடி, ஒன்றரை வினாடி, சீட்டும் ஸ்டியரிங்கும் சேர்ந்து 'டகடகடக'வென்று உதறின. "எல்லா டிசிடியும் இப்படித்தான் சார்" என்றார் விற்பவர், பின்சீட்டிலிருந்து. இல்லை. பிரேக்கை விட்டதும் ஒரு நொடி யோசிப்பது, நிற்கப் போகையில் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது லேசாக ஒரு தட்டு தட்டுவது, இதெல்லாம் பிறவிக் குணம். நடுக்கம் நோய். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் டிசிடி கார்களின் நடுக்கத்துக்கு ஓட்டுநர்தான் காரணம் என்று வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பிய வழக்கில், 2018-ல் நீதிமன்றம் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

கையோடு கொண்டுபோயிருந்த ஸ்கேனரைச் செருகினேன். கோளாறுக் குறியீடு ஒன்றுகூட இல்லை, பளிச்சென்று இருந்தது. ஆனால் இன்ஜினின் சுயபரிசோதனைகள் பலவும் 'இன்னும் முடியவில்லை' என்று காட்டின. நினைவகத்தைச் சமீபத்தில் யாரோ துடைத்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். மலிவான ஸ்கேனர் கியர்பாக்ஸுக்குள் எட்டிப் பார்க்காது. அதற்கு அந்தந்த கம்பெனிக்கான சாஃப்ட்வேர் வேண்டும். ஆனால் துடைத்த தடத்தை இதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

நடுக்கம் எப்போதும் கிளட்ச் தட்டுச் செலவுதான் என்றில்லை. சில நேரம் கம்ப்யூட்டருக்குக் கிளட்ச் பிடிக்கும் புள்ளியைப் புதிதாகக் கற்றுக்கொடுத்தாலே அடங்கும். ஆனால் அதை நம்பி முழு விலை கொடுக்க எனக்கு மனமில்லை. மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். "ரிவர்ஸ்ல, சூட்டுலயா? கிளட்ச் செட்டே லட்சத்தை ஒட்டும்ப்பா. மெகாட்ரானிக்குக்குத் தனிக் கணக்கு" என்றார். விற்பவர் முப்பதாயிரம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

நண்பர் அந்தச் சிவப்பு வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். ஆட்டோவில் ஏறிப் பாதி தூரம் வரை பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அம்பத்தூர்ல ஒரு வண்டி விலைக்கு இருக்குன்னு சொன்னியே, அது வெட் கிளட்ச்தானே? அறுபதாயிரம் கிலோமீட்டர்ல கியர் ஆயில் மாத்தின பில் இருக்கான்னு ஒரு போன் போடு."