புளிய வைரத்துக்கு 10 டிகிரிப் பல்

பொம்மிடிப் பக்கம், சேர்வராயன் மலை கண்ணில் படுகிற ஒரு கொல்லை. வரப்பில் நின்ற பெரிய புளியமரம் சித்திரைக் காற்றில் சாய்ந்துவிட்டது. துண்டு போட்டால் சூளைக்கு விறகாகப் போகும். மில்லுக்குக் கொண்டுபோக லாரி இறங்கும் பாதை இல்லை. அதனால் கிடந்த இடத்திலேயே செயின் சாவை வைத்துப் பலகை அறுக்க முடிவு செய்தோம். அந்த வேலையில் செயின் பல்லைத் தீட்ட மூன்று வழிகளைக் கையாண்டு பார்த்தேன்.

செயின் ஓடும் பாரில் மாட்டிக்கொள்ளும் சட்டத்தை 'அலாஸ்கன் மில்' என்பார்கள். அமெரிக்காவின் கிரான்பெர்க் நிறுவனத்தால் பரவலான பெயர் அது. எங்களுடையது உள்ளூரில் வெல்டிங் செய்தது. முதல் அறுப்புக்கு அலுமினிய ஏணியைக் கட்டையின் மேல் ஆணியடித்து, அதன்மேல் சட்டத்தைத் தள்ளினோம். இரண்டாவது பலகையிலிருந்து, அறுத்த முகமே வழிகாட்டும்.

மர மில்லின் பட்டை ரம்பம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். செயின் சா 8 மில்லிமீட்டருக்கும் மேல் தின்னும். அவ்வளவு மரத்தையும் என் செயினின் 36 பல்லும் சுரண்டி எடுக்க வேண்டும். அதிலும் புளியின் கறுத்த வைரத்தை. பல் கொஞ்சம் மழுங்கினாலும் மெஷின் சூடேறும், பாரில் புகை வரும், தள்ளுகிறவன் இடுப்பு போய்விடும். இரண்டாவது பலகையில் நான் மெஷினைக் குறை சொன்னபோது, கூட இருந்த அறுப்புக்காரர் சொன்னார்: "மெஷின விடுங்கணா, பல்லப் பாருங்க."

கடையில் வாங்கும் செயினின் பல் பெரும்பாலும் 30 டிகிரி சாய்வில் இருக்கும். மரத்தைக் குறுக்கே துண்டாக்க அது சரி. கட்டையை நீளவாக்கில் கிழிக்கும்போது பல் நார்களின் நுனியை நேருக்கு நேர் எதிர்கொள்கிறது. அதற்கு 10 டிகிரிதான் வழக்கமான சாய்வு. பலகையின் முகம் வரி வரியாக இல்லாமல் வழவழப்பாக வருவதும் அதனால்தான். இன்றைய செயின் பல்லின் வளைவுக்கு மூலம் ஒரு புழு. 1946-ல் ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டுப் புழுவின் தாடை இடமும் வலமுமாக அறுப்பதைக் கவனித்து, அதே அமைப்பில் செயினை உருவாக்கினார். ஓரிகன் செயின் பிறந்தது அப்படித்தான். இடப்பல் 18, வலப்பல் 18 என்று நாம் தீட்டுவதற்கும் அதுவே காரணம்.

முதலில் மின்சார சாணைச் சக்கரம். 10 டிகிரிக்குத் திருப்பி வைத்தால் எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் வரும். ஆணியில் பட்டு மொக்கையான செயினைக் காப்பாற்ற இதற்கு இணை இல்லை. ஆனால் ஒரு நொடி கூடுதலாக அழுத்தினேன், பல்லின் நுனி நீலமானது. சூடு ஏறி அந்த இடத்தின் பதம் மாறிவிட்டது. அந்தப் பல்லின் கூர் பிறகு நிற்கவே இல்லை. தொட்டுத் தொட்டு எடுக்கும் பொறுமை வேண்டும். கொல்லையில் கரண்டும் வேண்டும்.

அடுத்து, ஒரே பிடியில் இரண்டு உருளை அரமும் ஒரு தட்டை அரமும் கொண்ட கருவி. பல்லையும் அதன் முன்னால் உள்ள சிறு மேட்டையும் ஒரே தள்ளில் தீட்டிவிடுகிறது. விறகு வெட்டுகிறவருக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். பலகைக்குத்தான் தயக்கம்: பிடியில் போட்டிருக்கும் கோடு 30 டிகிரிக்கானது. 10-ல் பிடிக்கப் பார்த்தாலும் கண் அந்தக் கோட்டுக்கே போகிறது, கையும் கூடவே போகிறது.

மூன்றாவது, சாதாரண உருளை அரமும் ஒரு தகட்டுப் பிடியும். என்னுடைய 3/8 பிட்ச் செயினுக்கு 5.5 மில்லிமீட்டர், சில செயினுக்கு 5.2 கேட்கும், பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். பாரின்மேல் மார்க்கரால் 10 டிகிரிக் கோடு போட்டு, அதற்கு இணையாக அரத்தைத் தள்ளினேன். தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். பல்லுக்கு மூன்று தள்ளு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. எண்ணிக்கை தவறினால் ஒரு பக்கப் பல் நீண்டு, அறுப்பு வளைந்தோடும். என் மூன்றாவது பலகை அப்படித்தான் ஒரு முனையில் தடித்துப் போனது. பெட்ரோல் ஊற்ற நிறுத்தும்போதெல்லாம் தீட்டினால் பத்து நிமிடத்தில் முடிகிறது.

முன்மேடு பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அளவுத் தகடு வைத்து, நாலைந்து தீட்டலுக்கு ஒருமுறை தட்டை அரத்தால் தேய்த்தால் போதும். கண் அளவில் தேய்த்து மேடு அதிகம் தாழ்ந்தால் பல் கடித்து இழுத்து மெஷின் உதறும், வைர மரத்தில் அது ஆபத்து.

குறுக்கே வெட்டும்போது செதில் வந்தால் கூர் இருக்கிறது, மாவு வந்தால் மழுங்கிவிட்டது என்பார்கள். பலகை அறுப்பில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். நல்ல பல்லிலும் தூள் பொடியாகத்தான் வரும். சட்டத்தை லேசாகப் பிடித்தாலே மெஷின் தானாக முன்னேறுகிறதா என்று பாருங்கள். தோளைக் கொடுக்க வேண்டியிருந்தால் உடனே நிறுத்துங்கள்.

எனக்குக் கூர் அதிகம் போனது வைரத்தால்கூட இல்லை, பட்டையில் ஒட்டியிருந்த மண்ணால். நாலாவது பலகையிலிருந்து அறுப்புக் கோட்டில் பட்டையைக் கோடாலியால் சீவி எடுத்தோம். அதற்கு முன் ஒரு பலகைக்கு ஒருமுறை தீட்டியவன், பிறகு இரண்டு பலகைக்கு ஒருமுறை தீட்டினேன். மாலையில் பாரைக் கழற்றி, எண்ணெய்த் துளையையும் பள்ளத்தையும் சுத்தம் செய்து, விளிம்பில் எழும்பிய பிசிறைத் தேய்த்து, தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். பலகை அறுக்கவே வாங்குவதென்றால் இரண்டு உருளை அரம், ஒரு தட்டை அரம், ஒரு அளவுத் தகடு, கைக்குத் தோல் உறை போதும். பல் ஆணியில் படும் நாளில் சாணைச் சக்கரத்துக்குப் பட்டறைக்குப் போய்க்கொள்ளலாம்.