வேலை மாறும் டாக்டரின் மிச்ச லீவு

தமிழ்நாட்டு அரசு டாக்டருக்கு ஈட்டிய விடுப்பு என்பது ஓய்வு என்பதைவிடச் சேமிப்பு. ஜனவரியில் 15 நாள், ஜூலையில் 15 நாள் கணக்கில் ஏறும்; 240 நாள்வரை சேரும்; ஓய்வுபெறும்போது பணமாகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒற்றை ஆளாக இருப்பவருக்கு லீவு எடுக்க ஏது வழி? அது பாட்டுக்குச் சேர்ந்துகொண்டே போகும். இலங்கையில் அரச வைத்தியருக்கு ஆண்டுக்கு 24 நாள் ஓய்வு லீவு, 21 நாள் அமைய லீவு. தாராளம்தான். ஆனால் கடைசி நாளில் காசாக்கலாமென்று பணிக்காலம் முழுக்க அடுக்கி வைக்கும் வழக்கம் அங்கில்லை.

வேலை மாறும்போது இரு நாட்டு டாக்டர்களின் கவலையும் வேறுவேறாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இலங்கை வைத்தியர்கள் நாடளாவிய சேவையைச் சேர்ந்தவர்கள். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பின் வைத்தியசாலைகள் மத்திய அமைச்சு, மாகாண சபை என்று பிரிந்தன. வைத்திய சேவை பிரியவில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருந்தவர் இடமாற்றத்தில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வந்தால், சுயவிபரக் கோவை பின்னாலேயே வந்துவிடும். லீவு விபரமும் அதற்குள் இருக்கும். அங்கே சிக்கல் வேறிடத்தில். லீவுக்கான பொது 125அ படிவத்தில் பதில் கடமை பார்ப்பவர் கையொப்பமிட வேண்டும். பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் பெருமளவில் வெளிநாடு போய்விட்ட நிலையில், அந்தக் கையொப்பத்துக்கு ஆள் பிடிப்பதே பெரும்பாடு. போவதற்கு வழிவிட்டதும் அரசுதான்: 2022 ஜூனில் வந்த 14/2022 சுற்றறிக்கை, சிரேஷ்டத்துவமும் ஓய்வூதியமும் கெடாமல் 5 ஆண்டுவரை சம்பளமற்ற லீவில் வேறு வேலை பார்க்க அரச உத்தியோகத்தரை அனுமதித்தது.

இந்தியாவில் மத்திய அரசுப் பணியின் 1972 விடுப்பு விதிகள் கறாரானவை. ராஜினாமா செய்தால் கணக்கிலுள்ள லீவு காலாவதி. ஈட்டிய விடுப்பில் பாதிக்கு மட்டும், அதுவும் 150 நாளுக்கு மிகாமல், பணம் கிடைக்கும். முறையான வழியில் விண்ணப்பித்து, அனுமதி பெற்று, இன்னொரு மத்தியப் பணியில் சேர்வதற்காக விலகினாலோ கதையே வேறு. அது ‘டெக்னிக்கல் ராஜினாமா’. குழந்தைப் பராமரிப்பு விடுப்பின் மிச்சம் உட்பட எல்லாம் கூடவே வரும். ஆக, பத்தாண்டு லீவின் தலையெழுத்து ஒரு கடிதத்தின் வாசகத்தில் இருக்கிறது. எதற்கு வம்பு என்று ‘சொந்தக் காரணங்களுக்காக’ என எழுதிக் கொடுப்பவர், புதிய பணி பற்றிய பேச்சையே கடிதத்திலிருந்து எடுத்துவிடுகிறார். பிறகு அதைச் சரிசெய்ய அலைவது அவர் பாடு.

தமிழ்நாட்டுக்குள் பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து மருத்துவக் கல்வி இயக்ககத்துக்கு மாறினால் இந்தச் சங்கடம் இல்லை. பணிப்பதிவேடு கூடவே போகும். விடுப்புக் கணக்குப் பக்கம் எந்தத் தேதிவரை எழுதி முடிக்கப்பட்டிருக்கிறது என்று ரிலீவ் ஆகும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. ஆபீசில் கிளார்க் மாறிவிட்டால், விட்டுப்போன பதிவுக்குப் பொறுப்பேற்க ஆள் கிடைக்காது.

இத்தனை பாதுகாப்பும் நிரந்தரப் பணியில் இருப்பவருக்குத்தான். தேசிய நலவாழ்வு இயக்கத்தின் ஒப்பந்த டாக்டர் அதே புறநோயாளிகளைத்தான் பார்க்கிறார். பிறகு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக நிரந்தரம் ஆனாலும், ஈட்டிய விடுப்புக் கணக்கு அவருக்குப் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறது. பயிற்சிக் காலம் முடித்த வைத்தியரை நேரே நிரந்தர சேவையில் எடுக்கும் இலங்கை முறை இந்த இடத்தில் மேல். சேமிப்பு அங்கே கம்மி. ஆனால் உழைத்த வருடம் கணக்கில் வராமல் போவதில்லை.