ஓவியமும் என்பும்

பன்வில போன்ற மலைநாட்டூர்களில் வாழ்வோர்க்குக் கடல் பெரும்பாலும் படங்களின் வழியாகவே அறிமுகமாகின்றது. ஆதலின், கடலைக் காட்டும் படம் எவர்தம் கண்கொண்டு வரையப்பட்டது என்னும் வினா எமக்கு மிக வேண்டுவதாகும். அவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற நிலைக்களன், அமெரிக்காவின் நியூ பெட்போர்ட் நகரிலுள்ள திமிங்கில வேட்டை நூதனசாலையாகும்.

1903இல் தோன்றிய வரலாற்றுக் கழகமொன்றால் வளர்க்கப்பெற்ற இச்சாலையின் தலைசிறந்த கலைப்பொருள், பெஞ்சமின் ரசல், காலெப் பரிங்டன் என்னும் இருவர் 1848இல் தீட்டி முடித்த நெடுந்திரை. ஏறத்தாழ 1,275 அடி நீளமுடைய அது, உருளைகளிற் சுற்றப்பெற்று, கட்டணஞ் செலுத்தி வந்தோர்முன் மெல்ல நகர்த்திக் காட்டப்பட்டது. ரசல் வேட்டைக் கப்பலிற் சென்று மீண்டவர். ஆகவே பாயும் கயிறும் படகும் பழகிய கண்ணின் நுட்பத்தோடு அமைந்தன. எனினும் அவர் நின்று கண்டது வேட்டைப் படகிலிருந்தே. அங்கிருந்து நோக்குவார்க்குத் திமிங்கிலம் பகையாகவோ பண்டமாகவோ அன்றி உயிராகத் தோன்றுவதில்லை. இத்திரையின் சிறப்பும் குறையும் ஒன்றே.

மாலுமிகள் திமிங்கிலப் பற்களிற் கீறிய சிற்றோவியங்களும் இத்தகையனவே. ஆண்டுக்கணக்கான பயணத்தின் தனிமை அவற்றிற் கனிந்து நிற்கின்றது. ஆனால் பல்லுக்குரிய உயிர் மறக்கப்படுகின்றது. பட்டினப்பாலை காட்டும் பரதவரோ சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை வழிபட்டனர். அவரும் மீன்கொன்று வாழ்ந்தோரே. ஆயினும் கொன்றதன்முன் தலைவணங்க அறிந்திருந்தனர்.

ஓவியங்களின் குறையை அச்சாலையிலுள்ள என்புக்கூடொன்று ஈடுசெய்கின்றது. அங்குத் தொங்கும் 66 அடி நீளமான இளம் நீலத் திமிங்கிலம் ஈட்டிக்கு இரையானதன்று. 1998இல் கப்பல் மோதி இறந்தது. வேட்டையைப் பழங்கதையென எண்ணிப் புகுவாரை அவ்வென்பு தடுத்து நிறுத்துகின்றது.

இச்செய்தி எமக்கும் உரியது. 1894இல் அம்பலாங்கொடைக் கரையில் ஒதுங்கிய நீலத் திமிங்கிலத்தின் என்பு கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்தது. 1979இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலப் புகலிடமாக அறிவித்தது. ஆயினும் தெவுந்தர முனைக்கு அப்பால், நீலத் திமிங்கிலங்கள் இரைதேடும் நீர்ப்பரப்பின் ஊடாகவே பெருங்கப்பல்கள் செல்கின்றன; அவை மோதித் திமிங்கிலங்கள் இறக்கின்றன. 2022இல் பெருங்கப்பல் நிறுவனமொன்று தன் கலங்களைத் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. வழியைச் சற்று மாற்றினாற் காக்கலாம் என்பதற்கு அதுவே சான்று.

கொன்றவன் வரைந்த ஓவியம் அவனது வீரத்தையும் தனிமையையும் கூறும். கொல்லப்பட்டதன் என்பு அதன் விலையைக் கூறும். ஒன்றை ஒளித்து மற்றொன்றைக் காட்டும் நூதனசாலை பாதி வரலாற்றையே கற்பிக்கும். இரண்டையும் அருகருகே வைத்து, இன்றைய கப்பல் வழியின் படத்தையும் உடன்வைக்கும் சாலையே, கடலைக் காணாத மாணவனுக்கும் கடலின் உண்மையைக் கற்பிக்க வல்லது.