முலாமில் தெரியும் வயது

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய சைக்கிள் கண்ணில் பட்டால் முதலில் முலாமைத்தான் பார்ப்பேன். 1920களின் பிற்பகுதிவரை பெரும்பாலும் நிக்கல். லேசாக மஞ்சளோடிய, கண்ணுக்கு இதமான வெள்ளை. பிறகு வந்த குரோமில் நீலம் ஓடும். ஹேண்டில்பாருக்கு முலாம் சகஜம்; ஃபிரேம் முழுக்கப் பூசியது அபூர்வம். கடற்காற்றில் அதுவும் கொப்புளித்து உதிரும். தயவுசெய்து மறுமுலாம் போடக் கொடுத்துவிடாதீர்கள்; தேய்க்கிற தேய்ப்பில் சீட்டுக்குக் கீழே குத்திய எண் மழுங்கிப்போகும்.

பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப் இருந்தால் அதிர்ஷ்டம். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கிரீஸைத் துடைத்தால் ‘ஏடபிள்யூ’ எழுத்துகளுக்கு அருகே 52 என்று தெரியலாம். 1952இல் செய்த ஹப். இங்கே பிரெஞ்சு ஆட்சி நடந்த காலம். சக்கரம் பின்னாளில் மாற்றியதாகவும் இருக்கலாம், ஃபிரேம் எண்ணோடு ஒத்துப் பார்த்தே விலை பேசுங்கள்.