வனிற்றி ஃபெயர் கேலிச்சித்திரங்கள்: சேகரிப்பும் சமூக நோக்கும்

கேலிச்சித்திரம் அதிகாரத்தை எள்ளி நகையாடும் கலை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். ஆயின், எள்ளப்படுவோரே அந்த எள்ளலைத் தமக்குக் கிடைத்த கௌரவமாகக் கொள்வாராயின், அதன் சமூகப் பணி யாது என்ற வினா எழுகின்றது. இலண்டனில் 1868 முதல் 1914 வரை வெளிவந்த ‘வனிற்றி ஃபெயர்’ வார இதழின் சித்திரங்களையும், அவற்றைச் சேகரிக்கும் வழக்கத்தையும் இவ்வினாவை முன்வைத்து இங்கு நோக்குவோம்.

இவ்விதழுக்கு முற்பட்ட ஆங்கிலக் கேலிச்சித்திர மரபு வேறொரு தன்மையது. 1815இல் மறைந்த ஜேம்ஸ் கில்றே, பூகோளத்தை ஓர் உணவுப் பண்டமாக்கி, பிற், நெப்போலியன் இருவரும் அதனைக் கத்தியால் அறுத்துப் பங்கிடுவதாக 1805இல் வரைந்தார். அங்கு எள்ளப்பட்டது தனிமனிதரின் மூக்கன்று. உலகைக் கூறுபோடும் செயலேயாகும். மனிதரைச் செயலோடும் சூழலோடும் இணைத்துக் காட்டியமையே அம்மரபின் வலிமை எனலாம்.

தோமஸ் கிப்சன் பௌல்ஸ் தொடங்கிய வனிற்றி ஃபெயர் இவ்விணைப்பைத் தளர்த்தியது. 1869 ஜனவரியில் டிஸ்றேலியின் உருவத்தோடு தொடங்கிய பல்வண்ணக் கல்லச்சுச் சித்திர வரிசை ஈராயிரத்துக்கும் மேற்பட்ட படங்களாக வளர்ந்தது. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே அமைப்பின: வெறுமையான பின்னணி, அதன்மீது தனித்து நிற்கும் ஒருவர், கீழே ஒரு சுருக்கமான தலைப்பு. அரசியல்வாதி, நீதிபதி, மதகுரு, விளையாட்டு வீரர் எனப் பலரும் இவ்வாறே தோன்றினர். பார்ப்போரும் பார்க்கப்படுவோரும் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1889இல் இதழை விற்ற பௌல்ஸ், 1892இல் பழைமைபேண் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினரானார்.

இருப்பினும், எல்லா ஓவியரையும் ஒரே தட்டில் வைத்தல் நியாயமாகாது. ‘ஏப்’ என்ற புனைபெயர் பூண்ட இத்தாலியரான கார்லோ பெலக்ரினி (1839–1889), பெரிய தலை, குறுகிய உடல், சிறு அங்க அசைவு ஆகியவற்றால் ஆளுமையின் போலித்தனத்தை வெளிக்கொணர்ந்தார். 1873இல் வந்து சேர்ந்த ‘ஸ்பை’ எனும் லெஸ்லி வோட், ஈற்றன் கல்லூரியிற் பயின்றவர், ஓவியக் குடும்பத்தவர். காலப்போக்கில் அவரது படங்கள் மிகைப்பாட்டைக் கைவிட்டு, அவரே கூறியவாறு ‘குணவியல்புப் படங்கள்’ ஆயின. கேலிச்சித்திரம் உருவப்படமாகிய கதை இதுவே.

இம்மாற்றத்தை நிறைவுசெய்தது சேகரிப்புச் சந்தை எனலாம். இதழில் ஒவ்வொரு படத்துடனும் ‘ஜெகு ஜூனியர்’ என்ற பெயரில் கூர்மையான குறிப்பொன்று வந்தது. பழைய தொகுதிகளைப் பிரித்து விற்போர் படத்தை எடுத்துக்கொண்டு எழுத்தைக் கைவிட்டனர். நீதிபதிகள் சட்டத்தரணிகளின் அலுவலகத்துக்கும், துடுப்பாட்டக்காரர் கழகங்களுக்கும் எனப் படங்கள் தொழில்வாரியாக வகுக்கப்பட்டன. உருப்பெருக்கியின் கீழ் கல்லச்சின் ஒழுங்கற்ற மணித்தன்மை தெரிகின்றதா, பிற்காலப் படியின் ஒழுங்கான புள்ளிகள் தெரிகின்றனவா எனத் தேர்ந்த சேகரிப்பாளர் பார்ப்பர். இது பயனுள்ள அறிவே. ஆனால் தாளின் உண்மையை ஆராய்வோர், படத்தின் உண்மையையும் ஆராயக் கடமைப்பட்டவராவர்.

எமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்றைக் காண்போம். 1901 செப்டெம்பரில் தோமஸ் லிப்ரனை ஸ்பை வரைந்தார். தலைப்பு ஒரே சொல்: ‘தேயிலை’. 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய அவ்வணிகரின் பெயர் தம்பேதன்னை மலைகளோடு இன்றும் பிணைந்துள்ளது. பண்டத்தின் பெயர் உரிமையாளரின் பெயராக மாறிவிட, தென்னிந்தியாவிலிருந்து வந்து கொழுந்து பறித்த தொழிலாளருக்குப் படத்தில் இடமில்லாது போயிற்று. இவ்வரிசையின் வெறும் பின்னணியை வெறும் அழகியற் சிக்கனமாக மட்டும் கொள்வதற்கில்லை. உழைப்பை மறைக்கும் திரையாகவும் அது அமைந்தது.

மறுபுறம், தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த கீர் ஹாடியை 1906இல் வரைந்தபோது, ‘கீர்’ என்பதை விசித்திரமானவர் எனப் பொருள்படும் சொல்லாகத் திரித்துத் தலைப்பிட்டனர். செல்வரின் பெயர் அவரது செல்வத்தாற் சுட்டப்பட, தொழிலாளர் தலைவரின் பெயரோ நகைப்புக்குரியதாயிற்று. எள்ளல் வர்க்கச் சார்பற்றதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதனால் இப்படங்களைச் சேகரித்தல் வீண் என்பது எமது கருத்தன்று. இலண்டன் தேசிய உருவப்பட மண்டபம் மூல நீர்வர்ணப் படங்கள் பலவற்றைப் பேணி வருகின்றது. அவை ஓர் ஆளும் வர்க்கம் தன்னைத் தானே கண்ட கண்ணாடிகள். நாம் வேண்டுவது, படத்தை அதன் எழுத்தோடும், ஆண்டோடும், வாரத்தோடும் சேர்த்துப் பேணும் சேகரிப்பையே. சட்டகத்துள் நிற்பவரை இனங்காண்பதோடு அமையாது, அவரது பின்னணியிலிருந்து அகற்றப்பட்டவர் யார் என வினவும்போதே சேகரிப்பு ஆய்வாகின்றது.