நீதிமன்றம் வரை போகும் நிரல்

இணையப் பாதுகாப்புப் பட்டப்படிப்பில் சேரும் யாழ்ப்பாணத்து மாணவருக்கும் மதுரை மாணவருக்கும் தொடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். இலங்கையின் உயர்தர வகுப்புத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்திலும், தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலிலும் பைத்தான் நிரல்மொழி இருக்கிறது. இரண்டையும் தமிழிலேயே படிக்கலாம். பல்கலைக்கழகத்தில் கால் வைத்ததும் இருவருக்கும் பாடம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் வழிகள் பிரிகின்றன.

இந்தியா டிஜிட்டல் புலனாய்வைத் தடய அறிவியலின் ஒரு கிளையாக வளர்க்கிறது. குஜராத் மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்ததை 2020இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமாக்கி, காந்திநகரில் தலைமையிடம் அமைத்தது. இலங்கையில் இத்துறைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் எழவில்லை. மாலபேயிலுள்ள ஸ்லிட் போன்ற நிறுவனங்கள் தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்குள் ஒரு சிறப்புப் பிரிவாக இணையப் பாதுகாப்பைக் கற்பிக்கின்றன.

சட்டமும் இரு இடத்தில் இரு விதம். இலங்கையின் 2007ஆம் ஆண்டுக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, துணைவேந்தர் பெயர் குறிக்கும் தகுதியுள்ள விரிவுரையாளர் காவல்துறைக்கு உதவும் நிபுணராகலாம். வகுப்பறைக்கும் விசாரணைக்கும் இடையே சட்டமே ஒரு கதவு வைத்திருக்கிறது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்னும் சாட்சியச் சட்டம், மின்னணுச் சான்றுடன் வரும் சான்றிதழில் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் எந்த முறையில் கணக்கிட்டது என்பதையும் கேட்கிறது. நிபுணரும் அதில் கையெழுத்திட வேண்டும். பைத்தானில் சில வரிகளில் முடிகிற ஹாஷ் கணக்கு, அங்கே வழக்கின் ஆவணமாகிவிடுகிறது.

இரண்டு நாட்டு மாணவர்களுக்கும் பொதுவான பொறிகளும் உண்டு. கணினிப் பதிவேடுகள் பல உலகப் பொது நேரத்தில் இருக்கும். இரு நாட்டு நேரமும் அதைவிட ஐந்தரை மணிநேரம் முந்தியது. மாற்றாமல் விட்டால், அதிகாலை 3 மணிக்கு நடந்தது முந்தைய நாள் இரவு 9.30 ஆகிவிடும். அடுத்தது தமிழ் எழுத்து. இலங்கையில் பாமினி எழுத்துருவிலும், தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில் எழுத்துருவிலும் தட்டிய பழைய கோப்புகள் யூனிகோடு அல்ல. வன்வட்டில் ஒரு பெயரை யூனிகோடில் தேடினால், பாமினியில் தட்டிய அதே பெயர் அகப்படாது. அதைப் பிடிக்கும் மாற்றி நிரலைத் தமிழ் மாணவர்தான் எழுதவேண்டும்.

இந்தியாவின் பலம் தனி நிறுவனம். இலங்கையின் பலம் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் தந்த இடம். இரண்டும் ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்கத் தக்கவை. ஆனால் நிரல் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவது இந்தப் படிப்புக்குப் போதாது. அது ஏன் இந்த விடையைத் தந்தது, இன்னொருவர் ஓட்டினாலும் அதே விடை வருமா என்று குறுக்கு விசாரணைபோல் கேட்டு மாணவரைப் பதில் சொல்லவைக்க வேண்டும். இரு நாட்டு ஆசிரியர்களும் அடுத்த செய்முறைத் தேர்விலேயே இதைத் தொடங்கலாம்.